பார்க்கலாம் என்றால் இல்லை

அந்தச் சலவை ஆலையில் முப்பத்தெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்பது தாய்மொழிகள். பொதுவில் ஒரு மொழி இருந்தது. அதை ஆளுக்கொரு பக்கம் கடித்துத் துப்பிப் பேசிக்கொண்டார்கள். ஆனால் இஸ்திரிப் பிரிவு சூப்பர்வைசரை மட்டும் எல்லோரும் ஒரே சொல்லால் அழைத்தார்கள்: அக்கா. முதலில் அப்படிக் கூப்பிட்டது அவள் மொழி பேசிய ஒரு பெண். அந்தப் பெண் கல்யாணமாகிப் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. மற்றவர்கள் அதையே பெயரென்று எடுத்துக்கொண்டார்கள். அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில்கூட 'அக்கா' என்றுதான் அச்சடித்திருந்தது. அறுபது வயதான பழைய மேனேஜரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

பழைய மேனேஜரிடம் வேலை பார்ப்பது அக்காவுக்குக் கைவந்த கலை. அவர் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அவர் ஒருமுறை இருமினால் சரி, இரண்டுமுறை இருமினால் வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது. ஜலதோஷக் காலத்தில் மட்டும் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். மற்றபடி பதினாறு வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அப்புறம் அவர் ஓய்வுபெற்றார். புது மேனேஜர் வந்தார்.

புது மேனேஜர் ஒரு பெண்மணி. கடல் தாண்டி, எங்கோ தொலைவிலிருந்து வந்தவர். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். முதல் நாளே துணிக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்னை மேடம்னு கூப்பிடாதீங்க. பேர் சொல்லியே கூப்பிடுங்க. நான் சொல்றது தப்புன்னா, எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லுங்க. எனக்குத் தலையாட்டுற ஆளுங்க வேண்டாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

பொருள் ஏற்றி அனுப்பும் பிரிவில் இருந்தவன் மட்டும் கையைத் தூக்கினான். "கூட்டம் காலைல எட்டுக்கு வைக்கறதே தப்பு" என்றான். அவனுக்கு ஆலையில் ஒலிபெருக்கி என்று பெயர். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒலிபெருக்கி எல்லாவற்றையும் மறுத்தான். புது சோப்புத்தூளை மறுத்தான், டீக் கோப்பையின் நிறத்தை மறுத்தான். ஒருமுறை முந்தைய வாரம் தானே சொன்ன யோசனையை மறந்துபோய் மறுத்தான். மேனேஜர் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அக்காவுக்கு முதல் சிக்கலே பெயரில் வந்தது. தனக்கு மேலே இருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை. மேடம் என்றும் கூப்பிடக் கூடாது. அதனால் அவள் எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. மேனேஜரிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் எதிரே போய் நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்க்கிறவரை மேஜையில் விரலால் லேசாகத் தட்டுவாள். இப்படியே ஆறு வாரம் ஓட்டினாள்.

அடுத்த சிக்கல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் அறுநூறு படுக்கை விரிப்புகள் மதியத்துக்குள் போயாக வேண்டும். விரிப்புகளைத் தேய்க்கும் இயந்திரத்தை ஆலையில் ரோலர் என்பார்கள். சூடான உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மொறுமொறுவென்று வெளியே வரும். ஆஸ்பத்திரி விரிப்பு மெல்லிசு, வேகமாக ஓட்டலாம். ஹோட்டல் விரிப்பு தடித்த பருத்தி. நாலாம் வேகத்துக்குமேல் போனால் உள்ளே ஈரம் தங்கிவிடும். இது அக்காவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

மேனேஜர் எல்லோரையும் கூட்டி, "வேகத்தை ஆறுல வைப்போம். அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

முப்பத்தேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா புன்னகைத்தாள். "கொஞ்சம் கனமான துணி" என்றாள். பிறகு, "பார்க்கலாம்" என்றாள்.

"அருமை!" என்றார் மேனேஜர். வேகத்தை ஆறில் வைத்தார்கள்.

மறுநாள் காலை ஹோட்டலிலிருந்து போன் வந்தது. அறுநூறு விரிப்புகளும் ஈரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் புழுங்கி, மழையில் நனைந்த நாய் மாதிரி நாறுகின்றனவாம். மேனேஜர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"முடியாதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"பார்க்கலாம்னு சொன்னேனே."

மேனேஜர் பேனாவைத் திறந்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதினார்.

என்ன எழுதினார் என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. எல்லாப் பிரிவுக்கும் பொறுப்பான தள மேற்பார்வையாளர் பதவி காலியாக இருந்தது. அதற்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்காக எல்லோருக்கும் மதிப்பெண் போட்டிருந்தார். போட்டதோடு விடாமல், ஒளிவுமறைவு கூடாது என்று அதை டீ குடிக்கும் அறைச் சுவரில் ஒட்டியும்விட்டார். அக்காவுக்கு வேலைத் திறமையில் ஐந்துக்கு ஐந்து. 'தலைமைப் பண்பு' என்ற கட்டத்தில் இரண்டு. எதிரே ஒரு வரி: 'சொந்தக் கருத்து இல்லாதவர்.' ஒலிபெருக்கிக்குத் தலைமைப் பண்பில் ஐந்து.

அக்கா டீயை ஆறவிட்டு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். இரண்டு வாங்கியவர்கள் பதினொரு பேர். துவைக்கும் பிரிவின் மூத்தவர், தையல்காரம்மா, பாய்லர் பார்க்கிற பெரியவர்... அந்தப் பதினொரு பேரும் மூன்றே மூன்று நாட்டிலிருந்து வந்தவர்கள். மூன்றும் பெரியவர்களை நாலுபேர் முன்னால் மறுத்துப் பேசாத நாடுகள். அந்த மூன்று நாட்டிலிருந்து வந்த ஒருவருக்குக்கூட மூன்று மதிப்பெண் கிடையாது.

வீட்டில் அவள் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுபவர். நாளெல்லாம் கண்ணாடியைப் பார்த்தே பேசிப் பழகியதால், வீட்டிலும் முகத்தைப் பார்க்காமல்தான் பேசுவார்.

"சொந்தக் கருத்து இல்லாதவளா? நீயா?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல ஓடறது உன் கருத்து மட்டும்தானே! அந்தம்மாவை ஒருநாள் இங்க வந்து உட்காரச் சொல்லு."

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு வயிறு எரியுது."

"என்கிட்ட பேசறதுல பாதி அங்க பேசு. அது போதும்."

"உங்ககிட்ட பேசறதும் மேனேஜர்கிட்ட பேசறதும் ஒண்ணா?"

"ஏன், நான் என்ன இளிச்சவாயனா?"

"அதை வேற என் வாயால சொல்லணுமா?"

"பாரு, எவ்வளவு அழகா வருது!" என்றார் அவர், கத்தியை நீட்டி. "உனக்கு வரலேன்னா வாயுள்ள ஆளா ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போ. உங்க பட்டாசு இருக்கானே."

பட்டாசு என்பது அக்கா வீட்டில் வைத்த பெயர். அழுக்குத் துணி பிரிக்கும் பகுதியில் வேலை பார்ப்பவன் அவன், நாற்பது வயதிருக்கும். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவான். "இந்த மடிப்பு கோணல்" என்பான், மடித்தது அக்கா என்று தெரிந்தும். அவள் உள்ளே வந்தால் எழுந்திருக்க மாட்டான். ஒருநாள்கூட அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால், அவள் நிமிர்ந்து பார்க்கிறவரை எதிரே வந்து சும்மா நிற்பான். மரியாதை தெரியாத ஆள் என்று அக்கா என்றோ முடிவுகட்டியிருந்தாள். ஆனால் இப்போது தேவைப்பட்டது அந்த மரியாதை தெரியாத வாய்தான்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் அழுக்குப் பகுதிக்குப் போனாள். ஆலையில் யாருக்கும் பிடிக்காத இடம் அது. முழங்கைவரை ரப்பர் கையுறை, முகக்கவசம், மேலே சுழலும் பெரிய விசிறி. இரத்தக்கறை ஒரு கூடை, சாப்பாட்டுக்கறை ஒரு கூடை, என்ன கறை என்று கேட்கக் கூடாதது ஒரு கூடை.

"தம்பி, எனக்காக நீ மேனேஜர்கிட்ட பேசணும்" என்று ஆரம்பித்து, பதினொரு பேர் விஷயத்தைச் சொன்னாள். பட்டாசு உட்கார்ந்தபடியே கேட்டான்.

"பேசறேன். இது அநியாயம். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் வேணும்" என்றான். "என்னை ரோலருக்கு மாத்துங்கன்னு ரெண்டு வருஷத்துல மூணு தடவை உங்ககிட்ட கேட்டேன். மூணு தடவையும் பார்க்கலாம்னீங்க."

"ஆமா."

"மூணு தடவையும் நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"பார்க்கலாம்" என்று வாய்வரை வந்ததை அக்கா விழுங்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் பழைய டூட்டி அட்டவணைகளை எடுத்து விரித்தாள். இஸ்திரிக்கும் அழுக்குப் பகுதிக்கும் சேர்த்து வாரா வாரம் அவள் கையாலேயே எழுதியவை. ஆட்களை மாற்றி மாற்றித்தான் போடுகிறோம் என்று கோயிலில் சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தாள் அவள். அட்டவணை வேறு விதமாகச் சொன்னது. அழுக்குப் பகுதியில் பட்டாசு, நூற்று நாலு வாரத்தில் தொண்ணூற்றெட்டு வாரம். அவனோடு இன்னும் இரண்டு பேர், அதே கணக்கு. அந்த இரண்டு பேரும் பட்டாசின் ஊர்க்காரர்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துவைத்தாள்.

அடுத்த வார அட்டவணையில் பட்டாசின் பெயரை ரோலரில் எழுதினாள். மன்னிப்பு கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது. அவள் ஊரில் இதற்குப் பேர்தான் மன்னிப்பு. வாங்குகிறவரும் புரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவார். பட்டாசு அட்டவணையைப் பார்த்துவிட்டு நேரே அவளிடம் வந்தான்.

"நன்றி. ஆனா இது பதில் இல்ல. ஏன் ரெண்டு வருஷம்?"

இந்த மனிதனை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை நாசூக்காக முடிக்க முடிகிறதா! அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். ரோலர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

"நீ என்னை அக்கான்னு கூப்பிட மாட்டேங்கற. நான் வந்தா எழுந்திருக்க மாட்டேங்கற. மரியாதை இல்லாதவன்னு நினைச்சேன். அதான். உன் ஊர்க்காரங்க ரெண்டு பேரும் அப்படியே. அதனால மூணு பேரையும் அங்கேயே போட்டேன். தப்பு என்னோடதுதான்."

சொல்லி முடிப்பதற்குள் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எங்க ஊர்ல வேலை செய்யறப்ப எழுந்து நின்னா, சும்மா உட்கார்ந்திருந்தான், மாட்டிக்கிட்டான்னு அர்த்தம்" என்றான் பட்டாசு. "அப்புறம், பெரியவங்களை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடறது?"

"யாரு பேர் சொல்லச் சொன்னா?"

"அக்காங்கறது உங்க பேருதானே? அட்டையில போட்டிருக்கே."

அக்கா குனிந்து தன் அட்டையைப் பார்த்தாள். இந்த மனிதன் இரண்டு வருடமாக எதிரே வந்து நின்று, அவள் நிமிர்ந்து பார்க்கிறவரை காத்திருந்ததெல்லாம் திமிர் இல்லை. மேனேஜர் முன்னால் இவள் மேஜையைத் தட்டிக்கொண்டு நிற்கிறாளே, அதேதான்.

"அக்கான்னா கூடப்பிறந்த மூத்தவள்னு அர்த்தம், தம்பி" என்றாள்.

"அப்போ பழைய மேனேஜர்..." என்று பட்டாசு கணக்குப் போட ஆரம்பித்தான். அறுபது வயது மனிதர் பதினாறு வருடமாக அவளைத் தன் மூத்த சகோதரி என்று அழைத்திருக்கிறார். அக்கா அதற்குமேல் தாங்காமல் ரோலரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மடிக்க ஆளில்லாமல் நாலு விரிப்பு தரையில் விழுந்தது.

அன்று மாலை வேலை முடிந்ததும் இருவரும் மேனேஜர் அறைக்குப் போனார்கள். பட்டாசு உட்காருமுன்பே ஆரம்பித்துவிட்டான். "பதினொரு பேருக்கு ரெண்டு மார்க். எல்லாரும் மூணே நாட்டுக்காரங்க. இதுக்குப் பேர் பாகுபாடு."

மறுத்துப் பேசுங்கள் என்று ஆறு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, நிஜமான மறுப்பு வந்து எதிரே உட்கார்ந்தபோது அவ்வளவு ருசிக்கவில்லை. கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தார்.

"நான் பாகுபாடு பார்க்கிற ஆள் இல்ல. எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் வச்சேன்."

"உங்க ஊர்ல இருந்து கொண்டுவந்த அளவுகோல்" என்றான் பட்டாசு.

மேனேஜர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க? இல்ல, உங்களுக்கும் சேர்த்து இவரே பேசுவாரா?"

அது சுருக்கென்று தைத்தது. அக்கா வாய்திறக்காமல் இருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் இருபத்திரண்டு வருடமாக பஸ் டிரைவரோடு பயிற்சி எடுத்த வாய் அது; ஒருமுறை திறந்ததும் தானாக ஓடியது.

"நீங்க வேகத்தைக் கூட்டச் சொன்ன அன்னைக்கு நான் ரெண்டு தடவை முடியாதுன்னு சொன்னேன். கனமான துணின்னேன், அது ஒண்ணு. பார்க்கலாம்னேன், அது ரெண்டு. எங்க ஊர்ல ஒருத்தரை முப்பது பேர் முன்னாடி தப்புன்னு சொன்னா, அவங்க தலையில ஒரு வாளித் தண்ணி கொட்டற மாதிரி. தனியா கூப்பிட்டுக் கேட்டிருந்தா, எந்த வேகம், எத்தனை டிகிரி சூடு, எத்தனை மணிக்கு முடியும்னு எல்லாம் சொல்லியிருப்பேன். நான் உங்க மானத்தைக் காப்பாத்தினேன். நீங்க எனக்கு ரெண்டு மார்க் போட்டீங்க."

மேனேஜர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "என் மானத்தை விட்டுட்டு அந்த அறுநூறு விரிப்பைக் காப்பாத்தியிருக்கக் கூடாதா?"

அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. அதனால் மீதியையும் சொல்லிவிட்டாள். "என் அளவுகோலும் கோணல்தான். இவரை ரெண்டு வருஷமா அழுக்குப் பகுதியிலேயே வச்சிருந்தேன், என் ஊர் மரியாதை இவருக்குத் தெரியலன்னு. உங்களைக் கேள்வி கேட்க வர்றதுக்கு முன்னாடி அதை ஒத்துக்கிட்டுத்தான் வந்தேன்."

மேனேஜர் நோட்டை எடுத்து, எழுதாமலே மூடினார். பிறகு மேனேஜர், "நான் யோசிக்கிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா பெருமூச்சு விட்டாள். "முடிஞ்சது, தம்பி."

"என்ன முடிஞ்சது? யோசிக்கிறேன்னுதானே சொன்னாங்க?"

"அதான். இல்லைன்னு சொல்லிட்டாங்க."

வீட்டுக்குப் போய்க் கணவரிடமும் அதையே சொன்னாள். மறுநாள், இனி வேலையும் போய்விடும் என்று அலமாரியைக் காலி செய்து, மாற்றுச் செருப்பு, தைலக்குப்பி, உடைந்த குடை எல்லாவற்றையும் பையில் கட்டிவைத்தாள். மூன்று நாள் எதுவும் நடக்கவில்லை. மேனேஜர் அந்த மூன்று நாளும் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தார். அவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

நாலாம் நாள் அவர் நோட்டும் பேனாவுமாக இஸ்திரிப் பிரிவுக்கு வந்து, அக்காவைத் தனியாகச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். சோப்பு மூட்டைகள்மேல் ஆளுக்கொன்றாக உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்க. 'முயற்சி பண்றோம்'னா என்ன?"

"இல்லை."

"'கொஞ்சம் கஷ்டம்'?"

"நடக்கவே நடக்காது."

"'நீங்க சொன்னா சரி'?"

"நீங்க சொன்னது தப்பு. நாளைக்கு என்னைக் கேட்காதீங்க."

மேனேஜர் வேகவேகமாக எழுதினார். "'ஆமா'ன்னா?"

அக்கா நிஜமாகவே யோசித்தாள். "அது எப்படிச் சொல்றோங்கறதைப் பொறுத்தது" என்றாள்.

மேனேஜர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தாளை ஒட்டினது தப்பு. அந்த மார்க்கும் தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றார், சுற்றிவளைக்காமல். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் சொல்ல முடியும் என்பது அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சுவரிலிருந்து தாள் இறங்கியது. மேனேஜர் முப்பத்தெட்டுப் பேரிடமும் தனித்தனியாகப் பேசினார். 'சொந்தக் கருத்து இல்லாத' பாய்லர் பெரியவர் மட்டும் இரண்டு மணிநேரம் பேசினாராம். கடைசியில் மேனேஜர்தான் எழுந்து வரவேண்டியிருந்தது. தள மேற்பார்வையாளர் பதவிக்கு ஆளுக்கொரு வாரம் தளத்தை நடத்திக் காட்டவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஒலிபெருக்கி தன் வாரத்தில் காலையில் போட்ட உத்தரவை மதியத்தில் தானே மறுத்தான்; வியாழக்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. அக்காவின் வாரத்தில் எந்த விரிப்பும் நாறவில்லை. பதவி அவளுக்குக் கிடைத்தது. ஒலிபெருக்கி அதைக் கூட்டத்தில் மறுத்துப் பேசினான். பேசிவிட்டு, முதல் ஆளாக வந்து கைகுலுக்கினான்.

அக்கா முதல் வேலையாக அழுக்குப் பகுதிக்கு ஒரு சுழற்சி முறை ஏற்படுத்தினாள். யாராக இருந்தாலும் வருடத்தில் சில வாரம் அங்கே போயாக வேண்டும். முதல் வாரத்தில் தன் பெயரை எழுதினாள். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்று பட்டாசு தானாகவே முதல் நாள் கூட வந்தான்.

பத்து மணி வாக்கில், ஒரு ஹோட்டல் தலையணை உறையை உதறியபோது ஏதோ ஒன்று தெறித்து மேஜையில் உருண்டது. பார்த்தால், முழுசாக ஒரு மேல்வரிசைப் பல்செட். அக்கா அலறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"இப்படியெல்லாம் வருமா?"

"இது மூணாவது" என்றான் பட்டாசு, அதை ஒரு டப்பாவில் எடுத்துப் போட்டபடி. "ஹோட்டலுக்குப் போன் பண்ணணும். நீங்க பேசுங்க, அக்கா. நான் பேசினா, 'உங்க ஹோட்டல்ல யாருக்குப் பல் இல்ல'ன்னு நேரா கேட்டுடுவேன்."

அக்கா கையுறையைக் கழற்றினாள். அந்தப்பக்கம் போனை எடுத்தவரிடம் நலம் விசாரித்தாள், வெயிலைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசினாள். விருந்தாளிகள் எல்லோரும் இன்று நன்றாகச் சாப்பிட்டார்களா என்று மெதுவாக விசாரிக்க ஆரம்பித்தாள்.